யார் கை முழம்?

போன மார்கழியில் எதிர்வீட்டுப் பெண் ஒரு தாளைக் கொண்டுவந்து நீட்டினாள். உளவியலில் முனைவர் பட்டத்துக்குப் படிக்கிறவள். தாளில் ஏழே வாக்கியம். ஆங்கிலத்தில் இருந்ததை அவளும் ஒரு தோழியும் உட்கார்ந்து தமிழாக்கியிருந்தார்கள். "தமிழ் சரியா இருக்கான்னு மட்டும் பாத்துக் குடுங்கய்யா" என்றாள். 32 வருடம் அரசுப் பள்ளியில் தமிழ் நடத்தியவனிடம் தாளைக் கொடுத்து 'மட்டும்' என்று சொன்னால் நடக்கிற காரியமா? சிவப்புப் பேனாவைத் தேடி எடுத்தேன்.

மனதுக்கு ஒவ்வாத நினைப்புகளுக்கும் உணர்ச்சிகளுக்கும் பயந்து ஒருவர் எவ்வளவு ஒதுங்குகிறார் என்று அளக்கிற தாள் அது. அமெரிக்காவில் நெவாடா பல்கலைக்கழகத்து ஸ்டீவன் ஹேய்ஸும் அவரைச் சேர்ந்தவர்களும் 2004-இல் முதல் வடிவத்தை வெளியிட்டார்கள். 2011-இல் ஃபிராங்க் பாண்ட் முதலானவர்கள் அதைத் திருத்தி ஏழு கேள்விகளில் நிறுத்தினார்கள். ஒவ்வொரு கேள்விக்கும் 1 முதல் 7 வரை எண் போட வேண்டும். மொத்தம் குறைந்தால் 7, மிஞ்சினால் 49. எண் ஏற ஏற, ஆள் தன் மனதைக் கண்டே ஓடுகிறவர் என்று பொருள். துன்பம் ஆளைக் கெடுப்பதைவிட, துன்பத்தை விரட்டப் பார்க்கிற வேலைதான் அதிகம் கெடுக்கிறது என்பது ஹேய்ஸ் கட்சி.

நமக்கு இது புதுச் சரக்கல்ல. குரங்கை நினைக்காமல் மருந்து குடி என்று வைத்தியர் சொல்லி அனுப்பிய கதையைக் கேட்காமல் வளர்ந்த தமிழ்ப்பிள்ளை உண்டா? மருந்தை வாயருகே கொண்டுபோகும்போதெல்லாம் குரங்கு வந்து உட்கார்ந்துகொள்ளும். 1987-இல் டேனியல் வெக்னர் என்ற அமெரிக்க உளவியலாளர் மாணவர்களை உட்காரவைத்து, ஐந்து நிமிடம் வெள்ளைக் கரடியை நினைக்காதீர்கள், நினைப்பு வந்தால் மணியடியுங்கள் என்றார். மணி அடித்துக்கொண்டே இருந்தது. பிறகு 'இப்போது நினைக்கலாம்' என்று விட்டபோது, ஆரம்பத்திலிருந்தே நினைக்க விடப்பட்டவர்களைக் காட்டிலும் இவர்களுக்குத்தான் கரடி அதிகம் வந்தது. நம் வைத்தியரிடம் மணி இல்லை, கதையோடு நின்றுவிட்டார்.

திருத்தப் போனால் ஒவ்வொரு சொல்லும் வம்பு செய்தது. 'வலிமிகுந்த நினைவுகள்' என்று எழுதியிருந்தார்கள். "ஊர்ப்பக்கம் போய்க் கேட்டா மூட்டுவலியான்னு கேப்பாங்கம்மா" என்றேன். வேதனை என்று மாற்றினோம். உணர்வா, உணர்ச்சியா என்று அரைமணி நேரம் போனது. அதைவிடப் பெரிய தொல்லை அந்த ஏழு படிகள். 'மிக அரிதாக' என்பதற்கும் 'அரிதாக' என்பதற்கும் மதுரைப் பேச்சில் என்ன வித்தியாசம்? 'என்னைக்காச்சும்', 'எப்பவாச்சும்' இரண்டில் எது அடிக்கடி? நான் இன்றுவரை யோசித்துக்கொண்டிருக்கிறேன். நம் சனங்களுக்கு மூன்று படி போதும்: இருக்கு, இல்லை, பரவாயில்லை.

ஒருவழியாகத் தமிழ் தேறியதும், நாலு பேரிடம் கேட்டுப் பார்க்க வேண்டும் என்று மாட்டுத்தாவணிப் பூ மார்க்கெட்டுக்கு ஒருநாள் விடியற்காலையில் என்னையும் கூட்டிப்போனாள். பனிக்கு மல்லிகை வரத்துக் குறைந்து, விலை எகிறிக் கிடந்த நேரம். வாசல் ஓரமாக ஓர் அம்மா, அறுபது வயதிருக்கும், தலையில் துண்டைச் சுற்றிக்கொண்டு ஈரச்சாக்கில் உட்கார்ந்திருந்தார். உள்ளே எடைக்கு மொட்டு வாங்கி, வெளியே கட்டி முழம் போட்டு விற்பவர். பெண் தாளைப் பார்த்து, மனசுக்கு வேதனையான ஞாபகம் வந்துருமோன்னு பயம் உண்டாம்மா என்கிற மாதிரி ஒரு கேள்வியைக் கேட்டாள்.

அந்த அம்மாவின் கை நிற்கவில்லை. இரண்டு மொட்டு இப்படி, இரண்டு மொட்டு அப்படி, நாரை ஒரு சுற்று, ஒரு இழுப்பு. "எனக்கென்ன தாயி ஞாபகம், மூத்தவன் போனதுதான்." இன்னொரு சுற்று. "அது கெடக்கு விடு."

பெண்ணின் பேனா காற்றில் நின்றது. 'அது கெடக்கு விடு' என்பதற்கு எத்தனை மதிப்பெண்?

திரும்பி வரும் வழியில் அதைத்தான் கேட்டாள். ஒன்றும் போடலாம், ஏழும் போடலாம் என்றேன். கேலிக்குச் சொல்லவில்லை. கிடக்கிறது என்றால் போய்விடவில்லை, அங்கேதான் இருக்கிறது. விடு என்றால் அதைத் தூக்கவும் வேண்டாம், துரத்தவும் வேண்டாம். அந்தப் பொருளில் எடுத்தால் ஹேய்ஸ் எதை 'ஏற்றல்' என்று புத்தகம் புத்தகமாக எழுதினாரோ அதை அந்த அம்மா மூன்று சொல்லில் முடித்துவிட்டார். ஆனால் அதே மூன்று சொல்லைத்தான் நாம் பேச்சை மாற்றவும் பயன்படுத்துகிறோம். கதவைச் சாத்துகிற சத்தமும் அதுதான். எது எது என்று அந்த அம்மாவுக்கே தெரியுமா?

புறப்படும் முன் இரண்டு முழம் வாங்கினாள். முழங்கையிலிருந்து விரல் நுனிவரை ஒரு முழம். பக்கத்தில் கட்டிக்கொண்டிருந்த பெண்ணுக்குக் கை இன்னும் நீளம், வாங்குகிறவர்கள் அவளிடம்தான் போனார்கள். சரத்தை அளக்கிற கோல் விற்பவரின் உடம்பிலேயே இருக்கிறது. இந்த வினாத்தாளும் அப்படித்தான் என்று அப்போது பட்டது. ஒளிகிறாயா என்று ஒளிகிறவனிடமே கேட்கிறார்கள், அவனும் தன் கையாலேயே அளந்து சொல்கிறான்.

இதற்குள் நானும் ஒரு தாளை நிரப்பிப் பார்த்திருந்தேன். பொழுதுபோக்காகத்தான். என் கூட்டுத்தொகை 9. பெண்ணுக்கு ஒரே சந்தோஷம். "அம்மா போய் மூணு வருசம் ஆகப்போகுது. நீங்க எவ்வளவு தெளிவா இருக்கீங்கய்யா" என்றாள். எனக்கும் கொஞ்சம் பெருமையாகவே இருந்தது.

தொல்காப்பியர் இந்த விஷயத்தில் விவரமானவர். மெய்ப்பாடு எட்டு என்றார், ஒவ்வொன்றுக்கும் நாலு காரணம் என்று 32 கணக்குச் சொன்னார். ஆளைக் கூப்பிட்டு உனக்கு அச்சம் உண்டா, எவ்வளவு உண்டு என்று அவர் கேட்கச் சொல்லவில்லை. மெய்யில் தோன்றுவதுதான் மெய்ப்பாடு. பார்க்கிறவன் கண்ணும் கேட்கிறவன் காதும் கண்டுபிடிக்க வேண்டிய காரியம் அது. இன்னொன்று. அச்சத்துக்கு அவர் காட்டும் காரணங்கள் தெய்வம், விலங்கு, கள்வர், தலைவர். சாவு அந்த வரிசையில் இல்லை. இழவை அவர் அழுகையின் கீழ் வைத்திருக்கிறார். பயப்பட வேண்டியது அல்ல, அழ வேண்டியது என்று.

என் மெய்ப்பாடு என் டி.வி.எஸ். எக்ஸ்.எல். வண்டியில் இருந்தது.

எனக்கு வீடு ஆனையூர்ப் பக்கம். வாரம் இரண்டு முறை சிம்மக்கல் மைய நூலகத்துக்குப் போவேன். நேர்வழி தத்தனேரி, செல்லூர், ஆற்றைத் தாண்டினால் சிம்மக்கல். ஆனால் நான் ஃபாத்திமா கல்லூரி, குரு தியேட்டர், அரப்பாளையம் என்று சுற்றித்தான் போகிறேன். கேட்டால் செல்லூரில் நெரிசல் என்பேன். அரப்பாளையத்தில் பஸ் ஸ்டாண்டே இருக்கிறது, அங்கே நெரிசல் இல்லையாம்! மதுரைக்காரர்களுக்குத் தத்தனேரி என்றால் விளக்க வேண்டியதில்லை. இந்த ஊரில் யாரையாவது மிரட்டும்போதுகூட "தத்தனேரிக்கு அனுப்பிருவேன்" என்றுதான் சொல்வது வழக்கம். ஊரின் சுடுகாடு அங்கே இருக்கிறது. என் மனைவியை அங்கேதான் கொண்டுபோனோம்.

பெட்ரோல் போட்டால் நோட்டில் எழுதிவைக்கிற பழக்கம் எனக்கு உண்டு. அன்று சாயங்காலம் நோட்டை எடுத்து உட்கார்ந்தேன். போக மூன்று, வர மூன்று, சுற்றுவழியில் ஒரு தடவைக்கு ஆறு கிலோமீட்டர் கூடுதல். மாதத்துக்கு ஐம்பது சொச்சம். வண்டி கொடுக்கிற மைலேஜுக்கு ஒரு லிட்டர். மூன்று வருடத்துக்கு 36 லிட்டர். தாளில் 9 வாங்கிய தெளிவான ஆசாமி, ஒரு தெருவைப் பார்க்காமல் இருக்க 36 லிட்டர் பெட்ரோலை எரித்திருக்கிறார்.

இத்தனைக்கும் மதுரை சாவை மறைக்கிற ஊர் இல்லை. உயிர் போன சில மணி நேரத்தில் கண்ணீர் அஞ்சலி போஸ்டர் சுவரில் ஏறிவிடும். தப்பும் வேட்டும் பூ இறைப்புமாக ஊர்வலம் நடுரோட்டில் போகும், டவுன் பஸ் ஓரங்கட்டி நிற்கும். கேதத்துக்குப் போகிற பெண்கள் ஆறுதல் என்று ஒரு வார்த்தை சொல்லமாட்டார்கள், கட்டிப்பிடித்து அழுவார்கள். எங்கள் வீட்டிலும் அப்படித்தான். மனைவியின் சின்னம்மா, எண்பது வயது, ஐஸ் பெட்டியின் தலைமாட்டில் உட்கார்ந்து ஒப்பாரி எடுத்தார். முதல் அடியிலேயே எனக்குள் என்னவோ ஆட்டம் கண்டது. எழுந்து பந்தல்காரருக்குப் பணம் கொடுக்கப் போய்விட்டேன். பிறகு டீ வந்ததா, நாற்காலி போதுமா, மாலை எத்தனை என்று நாள் முழுக்க அலைந்தேன். 'ஒத்த ஆளா நின்னு காரியம் பாத்தாரு மனுசன்' என்று சொந்தக்காரர்கள் இன்றும் சொல்கிறார்கள்.

ஒதுக்குவதற்கு நம் இலக்கணத்தில் இடமே ஒதுக்கியிருக்கிறார்கள். தகுதி வழக்கு மூன்று என்று பத்தாம் வகுப்புக்கு எத்தனை வருடம் நடத்தியிருப்பேன்: இடக்கரடக்கல், மங்கலம், குழூஉக்குறி. செத்தாரைத் துஞ்சினார் என்பது மங்கலம். சுடுகாட்டை நன்காடு என்பதும் மங்கலம். பிள்ளைகள் சிரிப்பார்கள், நானும் சிரித்துக்கொண்டேதான் நடத்தினேன். அந்தப் பாடம் வீட்டுக்குள் வந்தபோதுதான் அதன் எடை தெரிந்தது.

என் மனைவிக்கு வயிற்றில் புற்று என்று முடிவு வந்த அன்று, அவளுடைய அண்ணன் என்னை ஆஸ்பத்திரி மாடிப்படிக்குக் கீழே தனியாகக் கூட்டிப்போய், "மச்சான், பாப்பாகிட்ட சொல்லிராதீக, அல்சர்னே இருக்கட்டும்" என்றார். அல்சர் என்றே இருந்தது. ஐந்து மாதம் எங்கள் வீட்டில் அந்தச் சொல்தான் ஆட்சி செய்தது. அல்சர் மாத்திரை, அல்சர் ஊசி, அல்சருக்கு மாதம் இரண்டு நாள் ஆஸ்பத்திரியில் தங்கல். ஒருநாள் சாயங்காலம் சொளகை மடியில் வைத்து மொச்சை உரித்துக்கொண்டிருந்தாள். தலையில் சேலை முந்தானை. தலை நிமிராமல் கேட்டாள்: "ஏங்க, அல்சருக்கு எதுக்கு முடி கொட்டுது?"

நான் வாயைத் திறந்தேன். ஒன்றும் வரவில்லை. எவ்வளவு நேரம் அப்படி இருந்தேனோ. அவள் என் முகத்தை ஒரு தடவை பார்த்தாள். "சரி சரி. அந்தத் தொலியைக் கூட்டி இங்கிட்டுத் தள்ளுங்க" என்றாள். அப்புறம் சாகும்வரை அந்தக் கேள்வியை அவள் கேட்கவில்லை.

அந்த ஏழு கேள்விகளில் இதை அளக்கிற கேள்வி எதுவும் இல்லை. தாள் முழுக்க 'நான்', 'என்', 'எனது'. என் நினைவு, என் கவலை, என் உணர்ச்சி. அவள் ஒதுக்கியது தன் பயத்தை அல்ல, என்னுடையதை. நாங்கள் இருவரும் அண்ணனும் பிள்ளைகளும் சேர்ந்து, கூட்டுக்குடும்பமாக ஒரு சொல்லைச் சுற்றிப் போனோம். நம்மூரில் ஒளிவது பெரும்பாலும் இப்படிக் கூட்டாகத்தான். அதற்குக் கோழைத்தனம் என்று ஒரே பெயர் வைத்துவிட எனக்கு மனம் வரவில்லை. அன்பு அதில் பாதி இருந்தது. ஆனால் மீதிப் பாதி இருந்ததும் உண்மை. அவள் பேச ஆசைப்பட்டாள், நான் விடவில்லை.

நோட்டில் கணக்குப் போட்ட மறுவாரம் நூலகத்தை முடித்துக்கொண்டு சொக்கப்பநாயக்கன் தெருவுக்கு நடந்தேன். மீனாட்சி கோயிலுக்கு அருகே, கடைகளுக்கு நடுவில், 11-ஆம் எண் வீடு. இப்போது ரமண மந்திரம். மாடியில் ஒரு சின்ன அறை. ஏழெட்டு வருடத்துக்கு முன்பு மனைவியோடு வந்தது.

1892-இல் திருச்சுழியில் தந்தை சுந்தரமய்யர் இறந்தபின், பின்னாளில் ரமணர் ஆன வெங்கடராமனும் அவன் அண்ணனும் இந்த வீட்டுக்குச் சித்தப்பா சுப்பய்யரிடம் வந்து சேர்ந்தார்கள். பையன் படிப்பில் சுமார், விளையாட்டில் கெட்டி, தூக்கத்தில் கும்பகர்ணன். 1896 ஜூலை நடுவில் ஒருநாள் அந்த மாடியறையில் தனியாக இருந்தபோது திடீரென்று சாவுபயம் வந்தது. காய்ச்சல் இல்லை, நோய் இல்லை. வயது 16. கீழே பெரியவர்கள் இருந்தார்கள், கூப்பிடவில்லை. வைத்தியரை நினைக்கவில்லை. கோயிலுக்கு ஓடவில்லை. படுத்தான். கைகால்களைப் பிணம்போல விறைப்பாக நீட்டிக்கொண்டான், மூச்சை அடக்கினான், உதட்டை மூடிக்கொண்டான். சரி, சாவு வந்துவிட்டது, சாகிறது எது என்று பார்த்தான். உடம்பு போகிறது, இதைப் பார்த்துக்கொண்டிருப்பது போகவில்லையே என்று பட்டது. அன்றோடு அந்தப் பயம் ஒழிந்தது, திரும்ப வரவேயில்லை என்று பின்னாளில் சொன்னார். நரசிம்ம சுவாமி 1931-இல் எழுதிய வரலாற்றில் இது இருக்கிறது.

இதைப் பள்ளியில் பலமுறை கதையாகச் சொல்லியிருக்கிறேன். இந்தமுறை அந்த அறையில் உட்கார்ந்தபோது மனம் வேறு கணக்குப் போட்டது. அந்த ஆகஸ்டில் பையனிடம் இந்த ஏழு கேள்வித் தாளைக் கொடுத்திருந்தால் என்ன வரும்? எல்லாவற்றுக்கும் 1 போட்டிருப்பான். மொத்தம் 7. நான் இன்னும் கொஞ்சம் கெட்டிக்காரனாக இருந்திருந்தால் எனக்கும் 7 வந்திருக்கும். பயத்தைப் படுத்துப் பார்த்து முடித்தவனும், பயம் இருக்கிற தெருப்பக்கமே போகாதவனும் ஒரே பெஞ்சில் உட்காருகிறார்கள். தாளுக்கு வித்தியாசம் தெரியாது.

தாளைப் பற்றி அவர்களுக்குள்ளேயே சண்டை உண்டு என்று பெண் சொன்னாள். ஸ்வீடனின் மார்ட்டின் வோல்காஸ்ட் 2014-இல், இந்த ஏழு கேள்விகள் அளப்பது ஒதுக்குவதை அல்ல, வெறும் மனவேதனையைத்தான் என்று எழுதினாராம். அதாவது ஏற்கெனவே நொந்திருப்பவருக்கு எண் ஏறும், ஓடுகிறவருக்கு ஏறாமலும் போகும். 62 கேள்வி கொண்ட இன்னொரு தாளும் 2011-இல் வந்திருக்கிறது. தள்ளிப்போடுதல், கவனத்தைத் திருப்புதல், மறுத்தல், தாங்குதல் என்று ஆறு பிரிவாகக் கேட்கிறது. அதில் நான் கொஞ்சம் அகப்பட்டிருப்பேன் என்றுதான் நினைக்கிறேன். இருந்தாலும் கேள்வி கூடினால் முழம்தான் கூடும், அளக்கிற கை அதே கைதான்.

ரமணரிடமும் எனக்கு ஒரு கேள்வி பாக்கி இருந்தது. சாவைப் படுத்துப் பார்த்த பையன், ஆறு வாரம் கழித்து வீட்டை விட்டுப் போய்விட்டான். ஆகஸ்டு 29. ஆங்கில இலக்கணப் பாடத்தை மூன்று தடவை எழுதும் தண்டனை, பாதியில் மூடிவைத்துக் கண்மூடி உட்கார்ந்ததற்கு அண்ணனின் குத்தல் பேச்சு. அண்ணனின் கல்லூரிச் சம்பளத்துக்கு வைத்திருந்த ஐந்து ரூபாயில் மூன்றை எடுத்துக்கொண்டு, ஒரு கடிதம் எழுதிவைத்துவிட்டுத் திருவண்ணாமலைக்கு ரயிலேறினான். சாவுக்கு ஓடாதவன் இலக்கணத்துக்கு ஓடினானா என்று ஒரு தமிழ் வாத்தியார் கேட்காமல் எப்படி? அந்தக் கடிதமே ஓர் இலக்கணப் பாடம். 'நான்' என்று தொடங்கி, ஓரிரு வரிக்குள் தன்னை 'இது' என்று அஃறிணையாக்கி, கையெழுத்து இடத்தில் வெறும் கோடு. கடிதம் பெரிது, சரி. ஆனால் 1898-இல் அம்மா அழகம்மாள் பவழக்குன்றுக்குத் தேடிவந்து நாள்கணக்கில் அழுது கூப்பிட்டபோது அவர் வாய் திறக்கவில்லை. விதிப்படி நடக்கும் என்ற கருத்தை ஒரு தாளில் எழுதிக் கொடுத்தார். படிக்கும்போதெல்லாம் எனக்கு அந்தத் தாய் பக்கம்தான் மனம் போகும். அம்மாவின் அழுகையைக் கேட்டுக்கொண்டு இருந்தாரா, கேட்காமல் இருக்கத் தெரிந்துகொண்டாரா?

எனக்குக் கிடைத்த பதில் 1922-இல் இருக்கிறது. மே 19. அம்மாவுக்கு மூச்சு இழுத்துக்கொண்டிருந்தது. அவர் பக்கத்தில் உட்கார்ந்து, ஒரு கையைத் தலையிலும் ஒரு கையை நெஞ்சிலும் வைத்தார். அன்றிரவு உயிர் அடங்கும்வரை எடுக்கவில்லை. பந்தல்காரரைத் தேடிப் போகவில்லை. இதை வைத்துத்தான் நான் அவரை நம்புகிறேன், 1896-ஐ வைத்து அல்ல. தன் சாவைப் பார்த்தவர்கள் சிலர் இருக்கலாம், தாயின் மேல்மூச்சைக் கையால் தொட்டுக்கொண்டு ஒரு பகல் முழுக்க உட்காருவது வேறு காரியம்.

ஓடாமல் பொறுக்க வேண்டியவற்றுக்குப் பட்டியல் வைத்திருந்தவர்கள் இந்தச் சுற்றுவட்டாரத்தில் முன்பும் இருந்திருக்கிறார்கள். மாங்குளம், கீழவளவு, ஆனைமலை, திருப்பரங்குன்றம் என்று மதுரையைச் சுற்றி எந்தக் குன்றில் ஏறினாலும் சமணர் படுக்கை இருக்கும். பாறையை வழவழவென்று தேய்த்து, தலைமாட்டில் மட்டும் கொஞ்சம் மேடு விட்டிருப்பார்கள். ஊர்க்காரர்கள் பஞ்சபாண்டவர் படுக்கை என்பார்கள். சமணர்களின் நூலான உமாஸ்வாதியின் தத்துவார்த்த சூத்திரம் துறவி பொறுக்க வேண்டியவை 22 என்கிறது. பசி, தாகம், குளிர், வெயில், பூச்சிக்கடி என்று தொடங்கும் வரிசையில் படுக்கையும் ஒன்று. கேட்டும் கிடைக்காமல் போவது ஒன்று. எனக்குப் பிடித்தது இது: பிறர் தரும் மரியாதையும் அந்த 22-இல் ஒன்று. புகழையும் பொறுத்துக்கொள்ள வேண்டுமாம். 'ஒத்த ஆளா நின்னு காரியம் பாத்தாரு' என்று சொல்லக் கேட்கும்போது எனக்கு அது நினைவுக்கு வருகிறது. அந்தப் பட்டியலுக்கு மதிப்பெண் கிடையாது. வந்தால் இருந்த இடத்திலேயே இரு என்பதுதான் அதன் ஒரே கட்டளை.

மேலூர்ப் பக்கம் திருவாதவூரில் பிறந்த மாணிக்கவாசகர் அச்சப்பத்து என்று பத்துப் பாட்டு பாடியிருக்கிறார். பாம்புக்குப் பயமில்லை, நோய்க்கும் பிறப்பு இறப்புக்கும் பயமில்லை, யானைக்கும் புலிக்கும் பயமில்லை என்று அடுக்கிக்கொண்டே போவார். அதோடு விட்டிருந்தால் நானும் நம்பியிருக்கமாட்டேன், அது 7 மதிப்பெண் பேச்சு. ஆனால் ஒவ்வொரு பாட்டின் கடைசியிலும் தனக்கு உண்மையில் நடுக்கம் தருவது எது என்று சொல்லிவிடுகிறார்: சிவனிடம் அன்பில்லாதவர்களைக் கண்டால்தான். எதை ஒதுக்குகிறோம் என்று தெரிந்து, அதைப் பெயர் சொல்லி வெளியே வைக்கிறவரிடம் எந்தத் தாளையும் நீட்டலாம்.

ஆகவே எட்டாவது கேள்வி ஒன்று சேர்த்துக்கொள் என்று பெண்ணிடம் சொன்னேன். எண் போடுகிற கேள்வி அல்ல. 'நீங்கள் எந்தத் தெருவைச் சுற்றிப் போகிறீர்கள்?' தெரு இல்லாவிட்டால் பெட்டி, பெட்டி இல்லாவிட்டால் போன் நம்பர். ஏதாவது ஒன்று எல்லாருக்கும் இருக்கும். முடிந்தால் அதையும் அவரிடம் கேட்காமல் வீட்டாரிடம் கேள் என்றேன். அவளுக்குப் பிடித்திருந்தது. நெறியாளரிடம் கேட்டுவந்து, அங்கீகரித்த தாளில் ஒரு வரியும் சேர்க்கக் கூடாதாம் என்றாள். நியாயம்தான், அளவுகோலை நடுவில் நீட்ட முடியாது. மொழிபெயர்ப்பைப் பார்த்தவர் பதிலைக் கணக்கில் எடுக்க முடியாது என்பதால் என் 9-ஐயும் நீக்கிவிட்டாள். பூக்கார அம்மாவின் கேள்விக்கு நேரே அவள் கடைசியில் என்ன எண் போட்டாள் என்று நான் கேட்கவில்லை.

தை மாதம் மனைவியின் திதி வந்து போனது. அவளுடைய ஆஸ்பத்திரிக் கோப்பு மூன்று வருடமாகப் பீரோவுக்கு மேலே கிடந்தது. இறக்கித் தூசி தட்டி மேசையில் வைத்திருக்கிறேன். இன்னும் பிரிக்கவில்லை. நேற்றும் நூலகத்துக்கு அரப்பாளையம் வழியாகத்தான் போனேன்.